முனியிடம் இரவல் வாங்கிய சக்கரங்கள்

கார் கல்லில் இடித்தால் என் வீட்டுக்காரிக்கு வலிக்கும். வயிற்றை அறுத்துக் கர்ப்பப்பையை எடுத்த பிறகு அப்படித்தான் இருந்தது. நாங்கள் இருப்பது கந்தப்பளைப் பக்கம், தேயிலை ஸ்டோருக்கு மேலே, தோட்டத்து ஆட்கள் இருக்கும் வரிசை வீடுகளான லயத்தில். ஸ்டோர் என்றால் தொழிற்சாலை. அங்கிருந்து எங்கள் லயத்துக்கு ஏறும் பாதை வெள்ளைக்காரன் காலத்தில் கல் பதித்தது. அதற்குப் பிறகு மழை மட்டும்தான் அதில் வேலை செய்திருக்கிறது.

அந்த ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் ரோலருக்குப் பக்கத்தில் நின்றே என் ஆயுசில் பாதி போனது. வேலையை விட்டு நின்றபோது ஒரு சின்னக் கார் வாங்கினேன். எனக்கு முன்னால் அது எத்தனை பேர் கையில் இருந்ததோ தெரியாது. யாருக்காவது ஆஸ்பத்திரி, கல்யாணம், கருமாதி என்றால் வாடகைக்கு ஹயர் ஓடும். மிச்ச நேரம் தகரக் கொட்டகைக்குள் சும்மா நிற்கும். அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருப்பேன்.

கார் ரொம்பப் பதிவு, உயரமே இல்லை. அதன் அடிவயிறு தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். கல்பாதையில் ஏறினால் அடியில் டங், டங் என்று இடித்துக்கொண்டே வரும். அவள் பின் சீட்டில் ஒரு தலையணையை வயிற்றோடு சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கத்தமாட்டாள். ஒவ்வொரு இடிக்கும் "முருகா" என்று மெல்லச் சொல்வாள். நான் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்ப்பேன். இடது பக்கம் வளைத்தால் தண்ணீர் ஓடும் கான், வலது பக்கம் வளைத்தால் மண்மேடு. எப்படி ஓட்டினாலும் இடி உண்டு.

"என்மேல கோவம் இருந்தா வாயால சொல்லிருங்க," என்றாள் ஒரு நாள். "இப்படிக் காரை விட்டு அடிக்காதீங்க."

வலியிலும் இப்படிப் பேசுகிறவள்தான் அவள்.

அவளுடைய தம்பி கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கிற கடையில் வேலை செய்கிறான். ஒப்பரேஷன் முடிந்து அவளை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அவனும் காரில் இருந்தான். கல்பாதை முழுக்க முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டே வந்தான். அடுத்த தடவை வந்தபோது தெரிந்த மரக்கறி லொறியில் நாலு சக்கரத்தை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். பளபளவென்று வெள்ளி நிறத்தில் ரிம், அதற்கு ஏற்ற மாதிரி உயரமான டயர்.

"மச்சான், இது பதினாலு இஞ்சி. உங்க கார்ல கெடக்கிறது பன்னெண்டு. இதைப் போட்டா கார் மூணு வெரல் எழும்பி நிக்கும். அக்காவுக்கு ஒரு கல்லும் தெரியாது."

"பெட்ரோல் கூடக் குடிக்காதாடா?" என்று கேட்டேன்.

"குடிக்கும். கொஞ்சம் குடிக்கும். அக்காவவிட பெட்ரோல் பெருசா மச்சான்?"

அதற்குமேல் என்ன கேட்க. அவனே ஜாக்கி வைத்துக் கழற்றி மாட்டினான். திருப்பினால் டயர் மட்கார்டில் லேசாக உரசியது. அதையும் சுத்தியலால் தட்டிச் சரிப்படுத்தினான். லயத்தில் உள்ளவர்கள் வந்து சுற்றி நின்று பார்த்தார்கள்.

"பள்ளிக்கூடத்துப் புள்ள அப்பன் சப்பாத்தைப் போட்டுக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கே," என்றார் பக்கத்து வீட்டுக் காம்பராக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் வாசல்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தாலும் வலிக்கும் அவளுக்கு.

அன்று சாயங்காலம் அவளை ஏற்றிக்கொண்டு ஸ்டோர் வரை போய்த் திரும்பி வந்தேன். பாதி வழியில் கண்ணாடியில் பார்த்தேன். தலையணையைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கையை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, கல்லெல்லாம் எங்க போச்சு?" என்றாள்.

லயத்து வாசலில் காரை நிறுத்திவிட்டு நான் உடனே இறங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ள நேரம் வேண்டியிருந்தது.

கழற்றிய பழைய சக்கரங்கள் நாலும் கொட்டகையில் கிடந்தன. அவற்றில் ஒரு வெடிப்பு இல்லை, இன்னும் ஓடும் டயர்தான். யாருக்காவது கொடுத்திருக்கலாம். எனக்கு வேறு நினைப்பு வந்தது.

பெரிய ரோட்டோடு எங்கள் கல்பாதை சேரும் இடத்தில், ஸ்டோர் மதிலுக்கு வெளியே ஒரு மரத்தடியில் ரோதைமுனி இருக்கிறார். ரோதை என்றால் சக்கரம். ஸ்டோர் தண்ணீர் ரோதையில் ஓடிய காலத்தில் அதற்குக் காவலாக வைத்த சாமி என்று சொல்வார்கள். ஒரு கல், ஒரு சூலம், அவ்வளவுதான். பெல்ட்டில் கை போகாமல், பல்சக்கரத்தில் சேலை மாட்டாமல் எங்களைக் காப்பாற்றியவர் அவர்தான் என்பது என் நம்பிக்கை. மெஷினில் தேய்ந்துபோன பல்சக்கரம், அறுந்த பெல்ட்டு, லொறிக்காரர்கள் கழற்றிய பேரிங் எல்லாம் அவர் காலடியில் கிடக்கும். வைத்ததை யாரும் திருப்பி எடுப்பதில்லை. பழைய இரும்பு வாங்க வருகிறவன்கூட அந்த மரத்தை விட்டு ஒதுங்கித்தான் நடப்பான்.

நாலு சக்கரத்தையும் உருட்டிக்கொண்டு போய் அங்கே அடுக்கினேன். மஞ்சள் தடவிப் பொட்டு வைத்துக் கற்பூரம் ஏற்றினேன். "முனியே, அவளை எழுப்பி நடக்க வச்சிரு. இந்த நாலு ரோதையும் ஒனக்கு. இனி எனக்கு வேண்டாம்," என்று வாய்விட்டுச் சொன்னேன். பூசாரி அண்ணனும் பக்கத்தில் நின்றார். அவரும் என்னோடு ஸ்டோரில் இருந்தவர், அடுப்புக்கு விறகு தள்ளிய ஆள்.

"இனி எனக்கு வேண்டாம்" என்று ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. மனசு நிறைந்திருந்தது. வாயில் வந்தது.

கொஞ்ச நாளில் நாட்டில் பெட்ரோல் இல்லாமல் போனது. நுவரெலியாவில் பெட்ரோல் ஊற்றும் எண்ணெய் செட்டுக்கு முன்னால் வாகனங்கள் வளைந்து வளைந்து நின்றன. சட்டியும் போர்வையும் கொண்டுபோய் வரிசையிலேயே குடியிருந்தோம். எண்ணெய் கொண்டுவரும் பவுசர் வந்தால் ஒரு வாகனத்துக்கு இவ்வளவுதான் என்று ஊற்றினார்கள். அதே நேரத்தில்தான் கண்டி ஆஸ்பத்திரியில் அவளுக்கு மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை போகவேண்டும். தவறவிடக்கூடாது என்று டாக்டரம்மா கையைப் பிடித்துச் சொன்னார். போகும்போது எப்படியும் போய்விடலாம். மருந்து ஏற்றிய பிறகு வருவதுதான் கஷ்டம். தலை நிற்காது, வாந்தி நிற்காது. பஸ்களில் பாதி ஓடவில்லை. ஓடினதில் மனிதர்கள் கதவில் தொங்கிக்கொண்டு போனார்கள். அந்த உடம்போடு அவளை அதில் ஏற்ற முடியுமா?

ஆகவே எனக்கு அப்போது இருந்தது ஒரே ஒரு வேலை. கண்டியிலிருந்து அவளைப் பின் சீட்டில் படுக்கவைத்து வீடு கொண்டுவந்து சேர்ப்பது. அதற்குப் பெட்ரோல் போதவேண்டும்.

போதும் என்றுதான் நினைத்தேன். கண்டிக்கு எத்தனையோ ஹயர் போயிருக்கிறேன். செட்டில் கொடுத்த அளவு போய்வரக் காணும், வந்த பிறகும் டவுனுக்கு ரெண்டு ஓட்டம் ஓடலாம். எங்கள் காரில் பெட்ரோல் முள் செத்துப் பல வருசம். தட்டினாலும் அசையாது. நான் கிலோமீட்டர் ஓடுவதை வைத்துத்தான் டாங்கியில் என்ன இருக்கிறது என்று சொல்வேன். என் கணக்கு ஒருநாளும் பிழைத்ததில்லை.

முதல் மருந்து ஏற்றிவிட்டுத் திரும்பினோம். கம்பளையில் வெயில், புசல்லாவையில் தூறல். ரம்பொடை வளைவுகளில் ஏறத் தொடங்கியதும் காருக்கு மூச்சு வாங்கியது. முன்பெல்லாம் அந்த வளைவுகளை ரெண்டாம் கியரில் முனகிக்கொண்டே ஏறிவிடும். அன்றைக்கு ரெண்டாவதில் இழுக்கவில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் முதல் கியருக்கு இறக்கினேன். எஞ்சின் கத்தியது, கார் ஊர்ந்தது. பாரம் தூக்கியவன் படியேறுவது போல இருந்தது. மீட்டரைப் பார்த்தேன். என் கணக்குப்படி வீடு போய்ச் சேர்ந்தும் மிச்சம் இருக்கவேண்டும்.

ஒரு வளைவில் ரெண்டு தரம் உதறிவிட்டு நின்றது.

கைபிரேக்கைப் போட்டு இறங்கிச் சக்கரத்துக்கு அடியில் கல் வைத்தேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. அருவிச் சத்தம் கேட்டது, அருவி தெரியவில்லை. முன்பு அந்த ரோட்டில் நிமிசத்துக்கு ஒரு வாகனம் போகும். அன்றைக்கு ஒன்றும் இல்லை. எல்லாரும் என்னைப் போல்தானே, எங்கே போவார்கள்.

"வந்துட்டோமாங்க?" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

"இல்லம்மா. கார் கொஞ்சம் நிக்கிது."

"அதுக்கும் மருந்து ஏத்திட்டாங்களா?"

பிறகு எழுந்து கதவுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். நான் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். நெற்றி ஐஸாக இருந்தது. என் ஸ்வெட்டரைக் கழற்றி அவள் காலில் சுற்றினேன். தண்ணீர் போத்தல் காலி. பிள்ளைகள் ரெண்டும் கொழும்பில், போனில் சிக்னல் இல்லை. இருந்தாலும் அவர்கள் என்ன செய்வார்கள்? தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொன்னேன். முருகன், மாரியம்மன், ரோதைமுனி. ஸ்டோரில் மெஷின் நின்றால் ஒரு ஸ்பானர் எடுக்கலாம், ஒருவரைக் கூப்பிடலாம். அங்கே எனக்கு எடுக்க ஒன்றும் இல்லை. அவள் காலைத் தேய்த்துக்கொண்டு நின்றேன்.

இருட்டுவதற்கு முன்னால் ஒரு மரக்கறி லொறி வெறுமையாக மேலே ஏறி வந்தது. சிங்கள டிரைவர். கந்தப்பளைக்குத்தான் போகிறேன் என்றான். இறங்கி வந்து அவளைப் பார்த்தான், பிறகு சக்கரத்தைப் பார்த்தான்.

"அய்யே, இது யார் செஞ்ச வேலை?" என்றான் பாதிச் சிங்களமும் பாதித் தமிழுமாக. "ஆட்டுக்குட்டிக்கு எருமைக்கால் வச்சிருக்கு."

நான் மீட்டர் கணக்கைச் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான்.

"மீட்டர் சக்கரம் சுத்தறதைத்தான் எண்ணும், ரோட்டை எண்ணாது. பெரிய சக்கரம் ஒரு சுத்துக்குக் கூட தூரம் போகுதுதானே. அப்ப மீட்டர் சொன்னதைவிடக் கூட நீங்க வந்திருக்கீங்க. அது ஒன்னு. மத்தது, இந்தப் பாரத்தைச் சுத்திவிட இந்தக் குட்டி எஞ்சின் எவ்வளவு குடிக்கணும்? கொழும்பில இது தெரியாது. இந்த ஏத்தத்துல தெரியும்."

நான் ஆயுசில் பாதி பெரிய ரோதையையும் சின்ன ரோதையையும் பெல்ட்டு இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவன். பெரியது மெல்லச் சுற்றும், அதைச் சுற்றவைக்கப் பலம் வேண்டும். என் கண் முன்னாலேயே இருந்தது. காருக்கும் அதுதான் என்று ஏனோ தோன்றவில்லை.

அவன் அவளைத் தூக்கி லொறியின் முன் சீட்டில் வைத்துத் தன் போர்வையால் மூடினான். காரைக் கயிற்றில் கட்டி லயத்து வாசல் வரை இழுத்து வந்து விட்டான். தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் தம்பிக்குப் போன் எடுத்தேன். திட்டுவதற்கு இல்லை. சின்ன ரிம் நாலு எங்காவது கிடைக்குமா என்று கேட்க.

"தேடிப் பார்க்கிறேன் மச்சான். கப்பல்ல சாமான் வர்றதில்ல, கடையில தட்டெல்லாம் காலி. கெடைச்சாலும் அனுப்ப லொறி வேணும்." பிறகு, "கழட்டின பழைய ரிம்மு இருக்குமே மச்சான்? அதையே மாட்டலாமே," என்றான்.

"முனிக்கு வச்சிட்டேன்."

அவனும் இந்தத் தோட்டத்தில் பிறந்தவன்தான்.

"யாருக்கு வச்சீங்க? அக்காவுக்கா?"

"ஆமா."

"அப்ப எடுக்காதீங்க," என்றான். "நான்தான் மச்சான். கல்லு இடிக்காம இருக்கணும்னுதான் நான்..."

"நீ என்னடா செய்வ," என்றேன்.

அவள் கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"முனி என்ன, காரா ஓட்டப் போறாரு?" என்றாள். "அதுக்காக எடுங்கன்னு சொல்லல," என்றாள் பிறகு. அவளுக்கும் பயம்தான்.

அடுத்த தேதி நெருங்கியது. படுத்தால் இதே யோசனைதான். பெரிய சக்கரம் என்றால் கல் இடிக்காது, பெட்ரோல் போதாது. சின்னச் சக்கரம் என்றால் பெட்ரோல் போதும், கல் இடிக்கும். அந்தச் சின்னச் சக்கரமோ அவள் உயிருக்காகச் சாமியிடம் கொடுத்தது. அதை எடுத்தால் எதை எடுக்கிறேன்? பெரிய ரோட்டுக்கு இறங்கும்போது தினமும் அவற்றைப் பார்ப்பேன். மஞ்சள் காயாமல் அப்படியே இருக்கும்.

கடைசியில் பூசாரி அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "நம்மளா ஒன்னும் செய்யவேண்டாம் தம்பி. பூக்கட்டிக் கேட்போம்," என்றார்.

அவளும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். மரத்தடியில் ஒரு பெட்டியைக் கவிழ்த்து உட்காரவைத்தோம். தலையில் முடி இல்லாததால் துண்டு கட்டியிருந்தாள். வெள்ளைப் பூவை ஒரு வெற்றிலையிலும் சிவப்புப் பூவை ஒரு வெற்றிலையிலும் சுருட்டி நூல் கட்டி முனி காலடியில் குலுக்கிப் போட்டார் பூசாரி அண்ணன். வெள்ளை வந்தால் சம்மதம்.

"கேளு," என்றார்.

"முனியே, ஒனக்கு வச்ச ரோதையைத் திருப்பி எடுத்துக்கட்டுமா?" என்றேன். ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பிரித்தார்.

சிவப்பு.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பூசாரி அண்ணன் சூலத்தில் சொருகியிருந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவரு சரியாத்தான் சொல்றாரு," என்றாள் அவள் பின்னாலிருந்து. "இவரு கேட்டதுதான் தப்பு. குடுத்ததத் திருப்பிக் கேட்டா யாரு குடுப்பா? இரவல் கேக்கச் சொல்லுங்கண்ணே."

"இரவலா?"

"கல்பாதை இங்கதானே முடியுது. வீட்டுலேருந்து இங்க வரைக்கும் பெரிய சக்கரத்துல வருவோம். இங்க அதக் கழட்டி முனிகிட்ட வச்சிட்டு, சின்னதப் போட்டுக்கிட்டுக் கண்டிக்குப் போவோம். வந்து சின்னத இங்க வச்சிட்டு, பெரிசப் போட்டுக்கிட்டு வீட்டுக்கு ஏறுவோம். தார் ரோட்டுல எனக்கு என்ன வலி?"

பூசாரி அண்ணன் தாடையைச் சொறிந்தார். "ஒரே கேள்விய ரெண்டு தரம் கேக்கக்கூடாது தங்கச்சி."

"இது வேற கேள்விண்ணே."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "ஸ்டோர்ல துரைமார்கிட்டப் பேச ஒன்னய அனுப்பியிருக்கணும்," என்று அவளிடம் சொல்லிவிட்டு வேறு வெற்றிலையில் வேறு பூ கட்டினார். இந்தத் தடவை அவளே கேட்டாள், அவளே எடுத்தாள்.

வெள்ளை.

"பகலுக்கு மட்டும்தான்," என்றார் பூசாரி அண்ணன். "வெளக்கு வைக்க முந்தி அவரு சாமானை அவருகிட்ட வச்சிரணும். அது வரைக்கும் ஒன்னோட பெருசு இங்க ஈடா இருக்கட்டும்."

அப்படித்தான் போனோம், வந்தோம். விடியும்போது பனியில் ஜாக்கியை வைத்து ஒவ்வொன்றாகக் கழற்றுவேன். நட்டு ஐஸாகக் கையில் ஒட்டும். அவள் ஸ்டோர் படிக்கட்டில் கம்பளி போர்த்து உட்கார்ந்திருப்பாள். கொழுந்து ஆயப் போகிற பெண்கள் நின்று பார்ப்பார்கள்.

"சாமிகிட்ட அடகு வச்சிருக்காரு, பாத்துக்கங்க," என்பாள் அவர்களிடம். "நாளைக்கு என்னையும் வச்சாலும் வைப்பாரு."

சின்னச் சக்கரத்தில் கார் பழையபடி ஓடியது. ரம்பொடை வளைவுகளில் ரெண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறியது. மீட்டர் சொன்னதும் டாங்கியில் இருந்ததும் ஒத்துப்போயின. செட்டில் கொடுத்த அளவு போதுமாக இருந்தது. சாயங்காலம் மரத்தடியில் மறுபடி மாற்றிக்கொண்டு, கல் தெரியாமல் வீட்டுக்கு ஏறினோம். முனி புண்ணியம் என்றுதான் சொல்வேன்.

கடைசி மருந்துக்குப் போன அன்று ஆஸ்பத்திரியில் நேரம் ஆகிவிட்டது. புசல்லாவையிலிருந்து மழை. அவளுக்குக் காய்ச்சல் தொடங்கி உடம்பு உதறியது. நாங்கள் மரத்தடிக்கு வந்து சேர்ந்தபோது முனிக்கு விளக்கு வைத்தாகிவிட்டது. பூசாரி அண்ணன் வைத்துவிட்டுப் போயிருந்தார். தகரத்துக்கு அடியில் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் என் பெரிய சக்கரம் நாலும் மழையில் நனைந்துகொண்டு கிடந்தன.

நான் ஜாக்கியை எடுத்தேன்.

"ஏங்க," என்றாள். "இன்னிக்கி மாத்தவேண்டாம். நேரா வீட்டுக்குப் போவோம்."

"நேரம் தவறிப்போச்சும்மா. இதுக்கு மேல வச்சிருந்தா..."

"கல்லு வலியத் தாங்கிக்கிறேன். இந்தக் குளிரத் தாங்க முடியல."

விளக்கைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். நாலு சக்கரத்தையும் அந்த மழையில் மாற்றி முடிக்கும்வரை அவள் அந்தச் சீட்டில் கிடக்கவேண்டும். ஜாக்கியை உள்ளே போட்டுவிட்டுக் கல்பாதையில் ஏறினேன்.

முதல் கல்லிலேயே இடித்தது. பிறகு ஒவ்வொரு கல்லும். கண்ணாடியில் பார்த்தால் இருட்டில் முகம் தெரியவில்லை. அவள் வாயே திறக்கவில்லை. அன்றைக்கு ஒவ்வொரு இடிக்கும் "முருகா" என்று சொன்னது நான்தான்.

விடிந்ததும் போய் மாற்றி வைத்தேன். சின்னச் சக்கரங்களைக் கழுவி மஞ்சள் தடவிப் பழைய இடத்தில் அடுக்கினேன். பூசாரி அண்ணன் வந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"ஒரு ராத்திரிதானே தம்பி. அவருக்குத் தெரியாதா?"

"கோவமா இருக்காரான்னு பூக்கட்டிப் பார்ப்போமாண்ணே?"

அவர் வெற்றிலைத் தட்டைக் கையில் எடுத்தார். பிறகு கீழே வைத்துவிட்டார்.

"தெரிஞ்சு என்ன செய்யப் போற?" என்றார்.

கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

இப்போது பெட்ரோல் கிடைக்கிறது. போனால் ஊற்றுகிறார்கள். பெரிய சக்கரத்தில்தான் கார் ஓடுகிறது, குடிக்கிறதும் அப்படியே குடிக்கிறது. ஹயர் ஓடி மிஞ்சுவதில் ஒரு பங்கு அந்தச் சக்கரத்துக்கே போகிறது. சின்ன ரிம் இப்போது கிடைக்கும், அனுப்பட்டுமா என்று அவள் தம்பி கேட்கிறான். அவள் வேண்டாம் என்கிறாள். கல் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அவள் வயிறும் முன்னைப் போல் ஆகவில்லை.

முடி முளைத்திருக்கிறது. எழுந்து நடக்கிறாள், சமைக்கிறாள், என்னை வைகிறாள். நான் முனியிடம் கேட்டது அதுதான். ஆனால் போன தடவை படம் எடுத்துப் பார்த்ததில் ஒரு சின்ன நிழல் தெரிகிறது என்றார் டாக்டரம்மா. அது பழைய தழும்பாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். கொஞ்ச நாள் விட்டு மறுபடி எடுத்துத்தான் சொல்லமுடியும் என்றார். அந்த ஒரு ராத்திரியால்தானா என்று நான் யாரிடம் கேட்பேன்? டாக்டரம்மாவிடம் கேட்க முடியாது. முனி பேசமாட்டார். வீட்டில் அவளிடம் சொன்னால் சிரிப்பாள். சிரித்துவிட்டுப் பிறகு ஒரு மூலையில் போய் உட்காருவாள். அதனால் சொல்லவில்லை.

இன்று காலை மறுபடி படம் எடுக்கக் கண்டிக்குக் கிளம்பினோம். மரத்தடி வந்ததும் நிறுத்தச் சொன்னாள். தானே இறங்கி, யார் கையையும் பிடிக்காமல் நடந்து போனாள். சின்னச் சக்கரங்களில் பாசி பிடித்திருந்தது. ஒன்றில் தண்ணீர் தேங்கியிருந்தது. அதைச் சாய்த்துக் கொட்டிவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கும்பிட்டாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

வந்து முன் சீட்டில் ஏறினாள். இப்போதெல்லாம் முன் சீட்டில்தான் உட்காருகிறாள்.

"பெட்ரோல் இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"திரும்பி வரும்போதும் இருக்குமா?"

முள் இருக்கும் இடத்தைப் பார்த்தேன். அது பழைய இடத்திலேயே செத்துக் கிடந்தது. ஸ்டீரிங்கில் இருந்து ஒரு கையை எடுத்து மரத்தடியைப் பார்த்துக் கும்பிட்டேன்.

"இருக்கும்மா," என்றேன். கியரைப் போட்டுப் பெரிய ரோட்டில் இறக்கினேன்.